பெண் பார்க்க வந்தவர்களும் என் சிவப்புக் கோடும்

உலகம் அழியப்போகிறது என்று முழுமனதோடு நம்புகிறவர்களை வீட்டு விசேஷங்களில் சேர்க்கக் கூடாது. இருபது வயதில் நான் அப்படிப்பட்ட ஒருத்தி.

சுனாமி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. முத்தியால்பேட்டையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கல்லூரியில் இரண்டு நாள் பருவநிலை முகாமுக்குப் போனவள், மூன்றாம் நாள் தீர்க்கதரிசியாகத் திரும்பினேன். கடல் ஏறும், ஊர் போகும், ஒன்றும் செய்வதற்கில்லை. (பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவிடமும் சொன்னேன். அவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.) வந்த வேகத்தில், அப்பா படகுக்கு வாங்கி வைத்திருந்த சிவப்புப் பெயிண்டை எடுத்து, வாசல் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தேன்.

அன்று சாயங்காலம் அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஊரே மூழ்கப்போகிறது, இதில் பெண் பார்ப்பதாவது!

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்த அம்மா கூடையைக்கூட இறக்கவில்லை. "அடிப்பாவி, இன்னாடி இது?"

மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தோம். உப்புத் தண்ணீருக்கே அசையாத பெயிண்ட் அது. கோடு பட்டையானதுதான் மிச்சம். அதற்குள் வேன் வந்து நின்றது.

எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. மாப்பிள்ளை இங்கேயே தங்கி, அப்பாவோடு கடலுக்குப் போவதாகப் பேச்சு. அவரை ஒரு திருவிழாவில் பார்த்து அக்காவுக்குப் பிடித்துப்போயிருந்தது. எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா படியேறாமல் சுவரையே பார்த்தார். சுவரில் சிவப்பு அடையாளம் என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான்.

"வூட்ட இடிக்கப்போறாங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். கதவோரம் அக்கா காபித் தட்டோடு நின்றாள். நான்தான் முன்னால் போனேன்.

"இடிக்கல மாமா. கவர்மெண்டு இல்ல, கடலு. முப்பது வருஷத்துல இதுவரைக்கும் தண்ணி நிக்கும். யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது." (ஆறுதல் சொல்வதாக நினைப்பு.)

அவர் கழற்றிய செருப்புக்குள் மறுபடி காலை நுழைத்தார்.

கூப்பிடாமல் பெண் வெளியே வரக் கூடாது. அக்கா வந்தாள்.

"முப்பது வருஷம் இருக்குன்னுதான மாமா சொல்றா? அதுவரைக்கும் சும்மா குந்திக்கினா இருக்கறது? மாடி போட்டுக்கறோம். அங்கயும் வந்துச்சுன்னா வேற எடம் பாத்துக் கட்டறோம். எனக்கு அவரப் புடிச்சிருக்கு."

மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் மூச்சு விடவில்லை. கடல் மட்டும் விட்டது, அன்றைக்குப் பார்த்து ரொம்பப் பக்கத்தில்.

"எங்க பழைய வூடு கடலுக்குள்ளதான் கெடக்குது," என்றார் மாப்பிள்ளையின் அப்பா கடைசியில். "இப்ப இருக்கறது ரெண்டாவது. காபிய கொண்டாம்மா, ஆறிடப்போவுது."

செருப்பு மறுபடி வாசலில் கிடந்தது.

கல்யாணம் நடந்தது. கடலும் சும்மா இல்லை. தெருமுனையில் இருந்த மணல் போய், இப்போது கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. நான் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் அந்த வீட்டில் எது வாங்குவதென்றாலும், எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டு, அக்கா வெளியூரில் இருக்கும் எனக்குத்தான் முதலில் போன் செய்கிறாள்.

"வாஷிங் மெஷின் வாங்கலாமாடி, இல்ல கடலு வந்துடுமா?"

நான் உண்மையிலேயே ஒரு நிமிஷம் யோசிக்கிறேன். அதற்குத்தான் அங்கே அத்தனை சிரிப்பு.

"வாங்குக்கா. வாரண்டி எவ்ளோ வருஷம்னு மட்டும் கேளு."