மாமாவின் ஜாமீனும் என் ஐரோப்பாவும்

வெளிநாட்டில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்தவனிடம் உடனே எந்த வேலையையும் ஒப்படைக்கக் கூடாது. கொஞ்ச நாள் அவனைப் பேசித் தீர்க்கவிட வேண்டும். என் விஷயத்தில் அந்த அவகாசத்தை யாரும் தரவில்லை.

ஜெர்மனியில் அரசியலமைப்புச் சட்டம் படித்துவிட்டுக் கடலூரில் வந்து இறங்கிய புதிது. கிள்ளையிலிருந்து அக்கா போன் செய்தாள். வேலித் தகராறில் மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், பக்கத்து மனைக்காரரைத் தள்ளிவிட்டாராம். (கையில் இருந்த முருங்கைக் கம்பு எஃப்.ஐ.ஆரில் பயங்கர ஆயுதமாகியிருந்தது.) மனுஷர் ரிமாண்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குக் காதுகுத்து.

"அதுக்குள்ள அவர் வந்துரணும்டா. பத்திரிகை எல்லாம் குடுத்தாச்சு" என்றாள்.

வெள்ளிக்கிழமை சிதம்பரம் கோர்ட்டில் ஜாமீன் மனு வந்தது. "சின்ன விஷயம், நீயே பண்ணு" என்றார் என் சீனியர் வக்கீலம்மா. எழுந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அரசு வக்கீல் "ஆட்சேபணை இல்லை" என்றுவிட்டார். மாஜிஸ்திரேட்டும் உத்தரவு எழுதப் பேனாவை எடுத்தார். அந்த இடத்தில் எந்த வக்கீலும் தலையைக் குனிந்துவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

பஸ்ஸில் கடலூரிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்ததையெல்லாம் நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? "மனித கண்ணியம் மீற முடியாதது என்றுதான் ஜெர்மன் அரசியலமைப்பே தொடங்குகிறது" என்று ஆரம்பித்தேன். சீனியர் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். (உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.) அங்கிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் போய், விசாரணைக்கு முன்பே ஒருவரை அடைத்துவைக்க என்னென்ன காரணம் வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டேன். அரசு வக்கீல் கொட்டாவி விட்டார். மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு பெரிய கேள்வியைக் கிளப்பிட்டு, படிக்காம உத்தரவு போட்டா சரியா இருக்காது. அந்தத் தீர்ப்பு நகலைத் தாக்கல் பண்ணுங்க. திங்கக்கிழமை பாப்போம்."

வராந்தாவில் அக்கா குழந்தையோடு நின்றிருந்தாள். "வர்றாராடா?"

"திங்கக்கிழமைதான்க்கா. ஆனா மாஜிஸ்திரேட் ரொம்ப ரசிச்சுக் கேட்டாரு."

"அப்ப அவரையே கூட்டிட்டு வா காதுகுத்துக்கு" என்றாள்.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் நான்தான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து ஓடவும் வழியில்லை. வந்தவர்கள் எல்லோரும் குனிந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டு, "இவுங்க அப்பா எங்கப்பா?" என்று என்னைத்தான் கேட்டார்கள். முதலில் சிலருக்குச் சட்டம் விளக்கினேன். அப்புறம் "வெளியூர்" என்று நிறுத்திக்கொண்டேன். ஆசாரி ஊசியை வைத்ததும் குழந்தை வீறிட்டது. பக்கத்தில் அக்கா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை சீனியர் எழுந்து, "ஐரோப்பாவை வாபஸ் வாங்கிக்கிறோம்" என்றார். உடனே ஜாமீன் கிடைத்தது.

இப்போது நான் சென்னையில் பெரிய வழக்குகளில் வாதாடுகிறேன். ஏதாவது ஜெயித்தால் அக்கா வீட்டுக்குப் போன் போட்டு, என்ன வாதம் வைத்தேன், நீதிபதி எப்படி அசந்துபோனார் என்று விவரமாகச் சொல்லுவேன். மாமா குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்பார். பின்னால் அக்கா சிரிப்பை அடக்கும் சத்தம் வரும்.

"ரொம்ப சந்தோஷம் மச்சான்" என்பார் மாமா. "ஆளு வீடு வந்து சேந்துட்டாரா?"