மாமாவின் போனைத் தாங்கிய மக்ரூன்

சனிக்கிழமை சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருப்புத்திறன் நடத்த வேண்டும். வேலை அவ்வளவுதான்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஹார்பர் ரோட்டில் ஒரு மாடியில் டியூஷன் சென்டர் வைத்திருக்கிறார். அவர் முறைப்படி பிள்ளைகள் விதிகளைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும், பிறகு ஒப்பிக்க வேண்டும். நான் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறவள். சும்மா இருக்க முடியுமா? எழுதி எழுதி விரல்தான் வளையும், மண்டைக்குள் ஒன்றும் போகாது என்று போகிற வருகிற நேரமெல்லாம் அவரோடு மல்லுக்கட்டினேன்.

கடைசியில் மாமா சொன்னார்: "ஒரு வகுப்பு எடு. பிள்ளைகளுக்குப் புரிஞ்சிட்டுன்னா பிசிக்ஸ் முழுசும் உனக்கு. இல்லன்னா இனிமே இங்கன வந்து வாயத் தொறக்கப்படாது."

முதல் நிபந்தனையைவிட இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் துபாயிலிருந்து மகனுக்கு அனுப்பிய பில்டிங் பிளாக்ஸ் பெட்டியைக் கெஞ்சி வாங்கிப் போனேன். பார்த்ததும் வகுப்பு சிரித்தது. எல்கேஜி எந்த ரூம் என்று ஒருத்தன் விசாரித்தான்.

கண்டுகொள்ளவில்லை. கட்டைகளை அடுக்கி ஒரு கோபுரம் எழுப்பினேன். அதன் தலையில் குறுக்காக ஒரு நீளக் கை. ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நெட்டை. அசல் ஹார்பர் கிரேன். சிரிப்பு நின்றது.

குட்டைப் பக்கத்தில் வைக்கக் கனமாக ஏதாவது வேண்டும். டஸ்டரே போதும். ஆனால் மாமா என் மேஜையில் கிரேனை ஒட்டி டீ டம்ளரை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே! உங்கள் போனைத் தாருங்கள் என்றேன்.

"ஏளா, புது போன்."

"விதி மேல நம்பிக்கை இல்லையா மாமா?"

கொடுத்துவிட்டார்.

நெட்டைப் பக்கத்தில் ஒரு காகிதக் கப், அதற்குள் மக்ரூன். எங்கள் ஊரில் பரிசென்றால் அதுதான். நன்றாகப் பதில் சொல்கிறவர்களுக்கென்று வாங்கி வந்திருந்தேன். முட்டை வெள்ளையும் முந்திரியும் மிச்சமெல்லாம் காற்றுமான பண்டம். அது போனைத் தூக்குமா? எடை குறைவுதான், தூரம் அதிகமாயிற்றே; இரண்டையும் பெருக்கினால் வருவதுதானே திருப்புத்திறன். தூக்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மாமா தட்டவில்லை.

அந்தக் கைதட்டலில்தான் எனக்குத் தலைகால் புரியாமல் போனது. கேள்வி கேட்க ஆரம்பித்தேன். சரியாகச் சொன்னவனுக்குக் கப்பிலிருந்தே ஒரு மக்ரூன். கிரேனின் கை சரியப் பார்த்தது. போனைப் பிடித்துக்கொண்டு கப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். மறுபடி நேராக நின்றது. எடை போனால் தூரத்தைக் கூட்டு, பார்த்தீர்களா என்றேன், ஏதோ திட்டமிட்டே செய்தவள்போல. அடுத்த பதில், அடுத்த மக்ரூன், இன்னும் கொஞ்சம் தள்ளல்.

கப் கிரேன் கையின் நுனிக்கே வந்துவிட்டது. அப்போது ரீட்டா கண்ணில் பட்டாள். ஒரு விதியைக்கூட முழுதாக ஒப்பிக்காததால் மாமாவே கைகழுவிய பிள்ளை. அவளுக்குப் புரிந்துவிட்டால் என் வழக்கு ஜெயித்தமாதிரி.

"இதுலருந்து இன்னொரு மக்ரூனை எடுத்தா என்ன ஆகும்?"

ரீட்டா கிரேனை மேலும் கீழும் பார்த்தாள். "தள்ளி வைக்க இடமில்லக்கா. திருப்புத்திறன் கொறஞ்சிரும். சார் போன் கீழ போயிரும்."

என்ன ஒரு பதில்! மாமா பக்கம் திரும்பி ஒரு வெற்றிப் பார்வை பார்த்தேன். பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"கரெக்ட். எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டாள்.

போன் சறுக்கி வந்து டீ டம்ளருக்குள், பிஸ்கட்டை முக்கியதுபோல் தலைகீழாக நின்றது. வகுப்பு முழுக்க எழுந்து எட்டிப் பார்த்தது. ரீட்டா மட்டும் மென்றுகொண்டிருந்தாள்.

நான் விடுவேனா? அவள் சொன்னபடியே விழுந்ததால் விதி நிரூபணமாகிவிட்டது, விழாமல் இருந்திருந்தால்தான் நான் தோற்றதாக அர்த்தம் என்று வாதாடினேன். மாமா போனைக் கைக்குட்டையால் துடைத்தபடி முழுவதையும் கேட்டார்.

"ஒத்துக்கிடுதேன். பிள்ளைகளுக்கு நல்லாப் புரிஞ்சிட்டு. உனக்குத்தான் புரியல."

சொன்ன சொல் தவறாமல் பிசிக்ஸை எனக்கே கொடுத்துவிட்டார். ரீட்டாவை மட்டும் முதல் பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறார், என்னைப் பார்த்துக்கொள்ள.