துவக்கண்ணையின் சங்கம்

கொழும்பு முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் துவக்கண்ணையை விட ஆபத்தில்லாத மனிதர் கிடைக்கமாட்டார். அதை அறியத்தான் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைச் சனத்துக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

ஃப்ளாட்டில் அவர் எனக்கு எதிர்வீடு. அமெரிக்காவிலிருக்கும் மகன் அங்கே துப்பாக்கி வைத்திருக்க உரிமை கேட்கும் ஏதோ துவக்குச் சங்கத்தில் சேர்ந்து, அப்பாவுக்கும் ஒரு தொப்பி அனுப்பினான். நெற்றியில் துவக்குப் படம். அதைப் போட்ட நாளிலிருந்து அண்ணைக்கும் கொள்கை பிடித்துவிட்டது. "ஒவ்வொரு குடிமகனுக்கும் வீட்டில துவக்கு வச்சிருக்கிற உரிமை வேணும்" என்று மீன்காரரிடமும் சொல்வார், லிஃப்ட் திருத்த வந்தவரிடமும் சொல்வார்.

சனம் சும்மா இருக்குமா? முதலாம் மாடி அவரை இரகசியப் பொலிஸ் என்றது. மூன்றாம் மாடி பழைய இயக்கப் போராளி என்றது. ரியூஷன் ரீச்சர் வெறும் விசர், பைத்தியம் என்றார். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை: அவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படியால் இறங்குவார்கள்.

இந்த வீரரின் வீட்டு மணியை அடித்துப் பாருங்கள். உள்ளே ரீவிச் சத்தம் நிற்கும். "ஆரது?" பெயர் சொன்னாலும் மறுபடி "ஆரது?" பிறகு சங்கிலியைப் போட்டபடியே கதவு இரண்டு விரல் அகலம் திறக்கும்; அதில் பாதிக் கண் தெரியும். சிரிக்காதீர்கள், எங்கள் எல்லோர் கதவும் அப்படித்தான். மணியடித்தவுடன் திறக்கும் தமிழ் வீடு கொழும்பில் இருந்தால், உள்ளே நிற்பது கள்ளன்தான்.

ஒருநாள் காலை என் போன் கிணுங்கியது. 'வெள்ளவத்தை துவக்கு உரிமைச் சங்கம்' என்றொரு வட்ஸ்அப் குழு. தலைவர் அவர். செயலாளர் நான். வேறு உறுப்பினர் கிடையாது.

கனடாவில் மகளுக்குப் பிள்ளைப்பேறு; விசாவுக்கு வேண்டிய, என்மேல் குற்றம் எதுவுமில்லை என்ற பொலிஸ் ரிப்போட்டுக்கு அப்போதுதான் விண்ணப்பித்திருந்தேன். விலகலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். விலகினால் 'விலகினார்' என்று விழும். அப்படியென்றால் இருந்தவர்தானே என்று கேட்டால்? போனை அரிசி வாளிக்குள் புதைத்தேன். அரிசி எடுக்கப் போன மனைவி, வாளி கிணுங்கியதும் அலறிவிட்டாள்.

நேரே போய்ச் சண்டை பிடித்தேன்.

"அண்ணை, உங்களுக்கு ஏன் துவக்கு? பட்டாசு வெடிச்சாலே கட்டிலுக்குக் கீழ போற ஆள் நீங்கள்!"

"துவக்கு ஆருக்குத் தம்பி வேணும்? தந்தா வேண்டாமெண்டு சொல்லுவன்."

"பிறகென்னத்துக்குச் சங்கம்?"

"வேண்டாமெண்டு சொல்ல, முதல்ல ஒருத்தன் நம்பித் தரவேணுமே! இவ்வளவு காலமா ஆமியும் பொலிசும் ஐடியைக் காட்டு, பையைத் திற எண்டுதானே கேட்டவங்கள். ஒருக்கா, 'ஐயா, நீங்கள் நல்ல மனிசன், இந்தாங்கோ' எண்டு நீட்டட்டும். கும்பிட்டுத் திருப்பிக் குடுத்திடுவன்."

சண்டை பிடிக்கப் போனவன் செயலாளராகவே வீட்டுக்கு வந்தேன்.

பிறகு அந்த ரிப்போட்டுக்காகப் பொலிஸ்காரர் வந்தார். என்னை விசாரித்துவிட்டு, அயலிலும் கேட்கவேண்டும் என்று எதிர்வீட்டு மணியை அடித்தார். சங்கிலி. பாதிக் கண். அதற்கு மேலே, ஐயோ, தொப்பி! கனடா அந்த இரண்டு விரல் இடைவெளியில் தொங்கியது. கேளாதவனுக்கே கொள்கை சொல்கிறவர், கேட்க வந்தவரை விடுவாரா?

நான் எப்படி ஆள் என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார்.

"ஹொந்த மஹத்தயா," என்றார் அண்ணை. நல்ல மனிதர் என்று.

பொலிஸ்காரரின் விரல் தொப்பிக்குப் போனது. "மே மொகத?" இது என்ன?

அண்ணை தொப்பியைக் கழற்றினார். தொப்பி வந்தபின் அன்றுதான் அவர் தலையைப் பார்த்தேன். சின்னத் தலை. மகன் அனுப்பியது, வெயிலுக்குப் போடுவது என்று அவரும் சிங்களத்திலேயே சொன்னார். துவக்குப் படத்தை உள்ளங்கை பொத்தியிருந்தது.

பொலிஸ்காரர் படியிறங்கியதும் போனைப் பார்த்தேன். தலைவர் செயலாளரை நீக்கியிருந்தார்.

விசா கிடைத்தது. பேரனைத் தூக்கினேன். திரும்பி வந்தபோது என் வீட்டுச் சாவியைத் தேடுமுன் எதிர்வீட்டு மணியை அடித்தேன்.

ரீவிச் சத்தம் நின்றது.

"ஆரது?"

"செயலாளர்."

சங்கிலி விழும் சத்தம் கேட்டது. கதவு முழுதாகத் திறந்தது.