எடைகட்டிச் சித்தரும் ஐந்து கிலோ கல்லும்

வியாழக்கிழமை காலை கிழக்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோக்காரர்கள், "எடைகட்டி, எடைகட்டி, ரெண்டே பேர்!" என்றுதான் கூவுவார்கள். ஏறுகிற ரெண்டு பேரைப் பார்த்ததும் ஆட்டோ முனகும்.

டயட் இருந்து குறைத்த எடை எங்கே போகிறது? ஆவியாய் அலைந்து, பழைய உடம்பை மோப்பம் பிடித்துத் திரும்பி வருகிறதாம். இது சேலையூர் எடைகட்டிச் சித்தரின் கண்டுபிடிப்பு. அந்த ஆவியை எலுமிச்சம்பழத்தில் இறக்கி, முருங்கை மரத்தில் ஆணியடித்து, இடுப்பில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் ஜென்மத்துக்கும் வராதாம். சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளில் கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்லித் தருகிறவர்கள்கூடப் பவ்யமாகச் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

லோகநாயகியும் நின்றாள். எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர். ஒரு வருஷம் சோற்றைக் கண்ணால் மட்டும் பார்த்து, எண்பத்து நாலிலிருந்து அறுபத்தெட்டுக்கு வந்தவள். "எழுபதைத் தாண்டினா மூட்டு ஆபரேஷன்தான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கத்தி என்றாலே அவள் காத தூரம் ஓடுவாள். பாவம், பயந்தவளுக்குக் கயிறும் கைப்பிடியாகத்தான் தெரியும்.

சித்தர் விதித்தவை மூன்றுதான். வேறு எடை மெஷினில் ஏறக்கூடாது. நடக்கக்கூடாது, காலடித் தடம் பிடித்து எடை வந்துவிடும். மற்றபடி எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம். இப்படி ஒரு விரதத்தை யார்தான் விடுவார்கள்?

ஆறு மாதத்தில் சித்தரின் மெஷின் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அறுபத்து நாலு காட்டியது. ரவிக்கை மட்டும் கொக்கி போட மறுத்தது.

"துணி சுருங்குதும்மா. கண் திருஷ்டி" என்றார் சித்தர்.

"முட்டி வலிக்குதே சாமி?"

"எடை போன இடத்துல காத்து பூந்திருக்கு."

அந்த வியாழன் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது டீச்சருக்குக் கால் மடங்கியது. சித்தர் வாசலில் கூடையை இறக்கி வைத்திருந்த மீன்காரி, கோவளத்து முத்தாலம்மாள், ஓடி வந்து தாங்கினாள். தாங்கியவளுக்கு மூச்சு முட்டியது.

"இன்னா டீச்சரம்மா, இந்த கனம் கனக்கிறே?"

"மெஷின் அறுபத்து நாலுதாங்க்கா காட்டுது."

"முப்பது வருசமா மீனு எட போட்டுகினு கீறேன். கையி பொய் சொல்லாது. வா உள்ளே."

தராசையும் எடைக்கற்களையும் அள்ளிக்கொண்டு வரிசையைப் பிளந்து போனவள், முத்திரை குத்திய ஐந்து கிலோ இரும்புக் கல்லைச் சித்தரின் மெஷினில் வைத்தாள். நாலு கிலோ காட்டியது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. சித்தர் அசரவில்லை.

"பார்த்தீங்களா! என் பார்வை பட்டதும் இரும்பே ஒரு கிலோ இளைச்சிடுச்சு!"

"சாமீ!" என்று நாற்பது பேர் தரையில் விழுந்தார்கள். எழுந்திருக்கத்தான் நேரமானது. லோகநாயகியின் கைகள்கூடக் குவியப் போயின.

"என் கல்லு இன்னா டயட்டா இருந்துச்சு?" முத்தாலம்மாள் தன் தட்டுத் தராசைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு தட்டில் இளைத்துப்போன அந்தக் கல். மறு தட்டில் இரண்டு, இரண்டு, ஒன்று என மூன்று கல். முள் நடுவில் நின்றது.

"ஒரு கிலோ கொறஞ்சா தட்டு மேல போவணுமே, இன்னாத்துக்குப் போவல?" அப்புறம் சித்தரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "யோவ், நீ மார்க்கெட்ல எடை மிஷின் ரிப்பேர் பண்ண துரைராஜுதானே? தாடி வச்சா தெரியாதுன்னு நெனச்சியா?"

லோகநாயகிக்குள் கணக்கு டீச்சர் ஆறு மாதம் கழித்துக் கண் விழித்தாள். ஐந்து நாலாகத் தெரிந்தால், அறுபத்து நாலாகத் தெரிவது எவ்வளவு?

"எண்பது!" என்று அலறிவிட்டாள். "அய்யோ, எண்பது! இந்தக் கணக்கைப் போடாத பிள்ளைகளையா நான் பெஞ்சு மேல நிக்க வச்சேன்?" அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

சித்தர் கமண்டலத்தைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். கூட்டமும் துரத்தியது. ஆறு மாதமாக நடக்காத கூட்டம் அல்லவா, பத்தடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. தினமும் கூடையோடு தெருத் தெருவாக நடக்கும் முத்தாலம்மாள் மட்டும் நாலே எட்டில் அவர் ஜடாமுடியைப் பிடித்தாள். ஜடாமுடி அவள் கையோடு வந்துவிட்டது.

மறுநாள் காலை லோகநாயகி நொண்டி நொண்டி ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தாள். மஞ்சள் கயிறு குப்பைத் தொட்டியில் கிடந்தது.

எடை ஏறாமலிருக்கக் கயிறு கட்டியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் அன்பர்களே, செருப்புக் கடையில் ஷூ லேஸ் என்று ஒன்று விற்கிறார்கள். தினமும் காலையில் காலில் கட்டிக்கொள்ளுங்கள். கட்டக் குனியும்போது வயிறு தடுத்தால், அதற்கும் துணி சுருங்கியதுதான் காரணமா என்று கொஞ்சம் யோசியுங்கள்.