தேனப்பன் கேப்டனின் துவைக்காத பேடு

ஒரு காட்டில் சிங்கமும் இருந்தது, நரியும் இருந்தது. இரண்டும் எத்தனையோ கதைகளில் நடித்துக் களைத்துப்போயிருந்ததால் அவற்றை எழுப்ப வேண்டாம். நம் கதை அலசாண்டி என்ற நீர்நாயைப் பற்றியது.

கூழாங்காட்டு கிரிக்கெட் அணியின் சாமான்களைப் பராமரிக்கும் வேலை அலசாண்டிக்கு. ஆறு வருடமாகத் தற்காலிகம். அடைமழைகூட ஒரு நாள் நிற்கும், தற்காலிகம் நிற்காது. தற்காலிகப் பணியாளருக்கு ஆற்றங்கரையில் யாரும் பொந்து கொடுக்க மாட்டார்கள் என்பதால், மனைவியோடும் மூன்று குட்டிகளோடும் ஓர் உடைந்த சிமெண்டுக் குழாயில் குடியிருந்தது. குழாயில் யாராவது தும்மினால் ஐந்து பேரும் நகர வேண்டும்.

ஆனாலும் வேலையில் அலசாண்டி கெட்டி. அழுக்கைக் கண்டால் அதற்குக் கை அரிக்கும். அணி மொத்தத்துக்கும் இருந்தது இரண்டு ஜோடி கால் பேடு, மூன்று ஜோடி கிளவுஸ், ஒரே ஒரு ஹெல்மெட். முள்ளம்பன்றி போட்டுக் கழற்றிய ஹெல்மெட்டுக்குள் கைவிட்டுத் துடைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். அதையும் அலசாண்டி முகம் சுளிக்காமல் செய்து வந்தது.

ஒரு நாள் அரசாங்கத்திலிருந்து ஓலை வந்தது. ‘வரும் சனிக்கிழமை பராமரிப்பு ஆய்வு. திருப்தி என்றால் பணி நிரந்தரம். திருப்தியில்லை என்றால் பணியே இல்லை.’

அலசாண்டி அதை மூன்று தடவை படித்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு நேரே கேப்டனிடம் ஓடியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அந்தப் பூசாரி, தேனப்பன் என்ற கரடி.

“கேப்டன், சாமானெல்லாம் ஒருதரம் துவைச்சுப் போட்டுடறேனுங்க. சனிக்கிழமை ஆய்வு.”

“துவைக்கிறதா!” தேனப்பன் நெஞ்சில் கைவைத்தது. “ஏழு மேட்ச் வரிசையா ஜெயிச்சிருக்கோம். ஏன் ஜெயிச்சோம்?”

“நல்லா ஆடினீங்க.”

“அதெல்லாம் இல்ல. முதல் மேட்ச் ஜெயிச்ச அன்னைக்கிலிருந்து எதையும் துவைக்கல. அதான் ராசி. ஞாயித்துக்கிழமை பைனல். அதுவரைக்கும் இந்தப் பையில ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது.”

அந்தப் பையின் நாற்றத்தைப் பற்றி நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதன் மேலே பறந்த ஈக்களே முறைவைத்துப் பறந்தன. தேனப்பனின் சொந்தப் பேடு இன்னும் மோசம். தேன், வியர்வை, சேறு, ஏழு மேட்ச் புழுதி எல்லாம் சேர்ந்து அது யாரும் பிடிக்காமலே தானாக நிற்கும். தேனப்பன் அதைப் பெருமையாகக் காட்டி, “பாத்தியா, எவ்வளவு விறைப்பா நிக்குது!” என்று மற்றவர்களிடம் சொல்லும்.

அலசாண்டி இரண்டு நாள் சாப்பிடவில்லை. துவைத்தால் கேப்டன் தோலை உரிக்கும். துவைக்காவிட்டால் குழாயும் போய்விடும். மூன்றாம் நாள் மனைவி சொன்னது: “கேப்டன் கோபம் ரெண்டு நாளைக்குதான். குழாய் வாழ்க்கை ஆயுசுக்கும். போய்த் துவைங்க.”

வெள்ளிக்கிழமை மதியம் தேனப்பன் பலாப்பழம் தின்றுவிட்டுக் கவிழ்ந்து படுத்தது. குறட்டை ஏறியதும் அலசாண்டி பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடியது.

அடடா, அந்த மதியம் அது பட்ட ஆனந்தம்! பூந்திக்கொட்டை நுரையில் பேடைத் தேய்த்தது. கிளவுஸை வெயிலில் போட்டால் தோல் காய்ந்து வெடிக்கும் என்று நிழலில் கட்டித் தொங்கவிட்டது. ஷூவுக்குள் காய்ந்த புல்லைத் திணித்து ஈரத்தை இழுக்கவிட்டது. மட்டையின் முகத்துக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் தடவி, கைப்பிடியில் ஒரு துளி படாமல் பார்த்துக்கொண்டது. ஹெல்மெட்டின் உள்மெத்தையைக் கழற்றியபோது அங்கே ஓர் எலிக் குடும்பம் இருந்தது. “நாங்க இங்கே நாலு மாசமா நிரந்தரம்” என்றது எலி. அலசாண்டிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் மரியாதையாக ஒரு மரப்பொந்தில் கொண்டுபோய்க் குடிவைத்தது.

ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தேனப்பனின் பேடு. அதை அது தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்ததால் உருவ முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஆய்வாளர் வந்து இறங்கினார். பிணந்தின்னிக் கழுகு. மொட்டைக் கழுத்து, மூக்குக்கண்ணாடி, இறக்கைக்குள் பதினோரு பக்கப் படிவம்.

அலசாண்டி சாமான்களை வெள்ளைத் துணியில் பரப்பி வைத்திருந்தது. எல்லாம் பளபளத்தன. ஆய்வாளர் ஒவ்வொன்றாக முகர்ந்தார். முகம் சுருங்கியது.

“நாலாம் பத்தி. ‘பணியாளர் அகற்றிய அழுக்கின் விவரம்.’ எங்கே அழுக்கு?”

“அகற்றிட்டேனுங்க ஐயா.”

“அகற்றினது சரி. எங்கே?”

“ஆத்தோட போயிடுச்சுங்க.”

“அப்போ இருந்ததுன்னு நான் எப்படி நம்பறது?”

ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாக எழுதினார், எழுதியதை உரக்கப் படித்தார்: “‘இச்சாமான்கள் இயல்பிலேயே சுத்தமானவை. அழுக்காகாத பொருளுக்குப் பராமரிப்பாளர் வீண். பணியிடம் ரத்து செய்யப் பரிந்துரை.’ இங்கே ஒரு கைநாட்டு வை.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஆறு வருட உழைப்பும், கேப்டனுக்குத் தெரியாமல் பட்ட பாடும் கண்முன்னே வந்து போயின. மூன்று குட்டிகளும் அந்தக் குழாயிலிருந்தும் வெளியே நிற்பதை நினைத்துப் பார்த்தது. அலசாண்டி அழுதேவிட்டது. கையை மைப்பெட்டியை நோக்கி நீட்டியது.

அப்போது காற்று திசை மாறியது.

முதலில் மரத்திலிருந்து இரண்டு கிளிகள் தொப்பென்று விழுந்தன. பிறகு, “எவண்டா என் பையைத் தொட்டது!” என்ற உறுமல் கேட்டது. அக்குளில் பேடை இடுக்கிக்கொண்டு தேனப்பன் புதரைப் பிளந்து வந்தது.

ஆய்வாளர் கண்களை மூடினார். மொட்டைக் கழுத்து சிலிர்த்தது. “ஆஹா! என்ன அது?”

“என் ராசிப் பேடு. இதை மட்டும் இவன் தொடல. தொட்டிருந்தான்னா...”

“கொடுங்க இப்படி!” ஆய்வாளர் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். “இதுதான்யா அழுக்கு! இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. இவ்வளவு அழுக்காகிற அணிக்கு ஒரு பராமரிப்பாளர் கட்டாயம் வேணும். அதுவும் நிரந்தரமா.” எழுதியதைச் சரக்கென்று அடித்துவிட்டுப் படிவத்திலும் பேடிலும் முத்திரை குத்தினார்.

அலசாண்டி அவர் காலில் விழுந்தது. “உடனே அதையும் துவைச்சுடறேனுங்க ஐயா!”

“மூச்! இது அத்தாட்சிப் பொருள், உன் பொறுப்பிலேயே பத்திரமா இருக்கட்டும். இந்த அழுக்கு இருக்கிற வரைக்கும்தான் உன் வேலை. வருஷா வருஷம் வந்து முகர்ந்து பார்ப்பேன்.”

தேனப்பன் கத்திப் பார்த்தது. அரசாங்க முத்திரை குத்திய பேடை யார் திருப்பித் தருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் துவைத்த இன்னொரு ஜோடியைக் கட்டிக்கொண்டு பைனலில் இறங்கியது. நூற்றுநாலு அடித்தது. கோப்பையைத் தலையில் வைத்து ஆடிவிட்டு நேரே அலசாண்டியிடம் வந்தது.

“இந்தப் பேடுதான்டா உண்மையான ராசி! இனிமே இந்தப் பையில எதையும் துவைக்கவே கூடாது.”

இப்படியாக அலசாண்டி நிரந்தரமானது. ஆற்றங்கரையில் இரண்டு வாசல் வைத்த பொந்து கிடைத்தது. துவைக்கத்தான் எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் ஆய்வாளர் வந்தார். பேடை முகர்ந்தார். புருவம் உயர்ந்தது. “வீச்சம் குறைஞ்சிருக்கே அலசாண்டி. பராமரிப்பு போதாது.”

அன்றிலிருந்து அலசாண்டி வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கரையில் இருக்கும் எருமைக் குட்டைக்குப் போய், பேடைச் சேற்றில் போட்டுக் கண்ணும் கருத்துமாகப் புரட்டி எடுத்து வருகிறது. போகவர ஆற்றைத்தான் கடக்க வேண்டும்.

இப்போதும் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம். இரண்டு கைகளாலும் பேடைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஒரு நீர்நாய் மல்லாந்து நீந்திப் போகும். கரையிலிருந்து அதன் மனைவி கத்தும்:

“பாத்துப் போங்க! தண்ணி பட்டுடப் போகுது!”

நீதி: வேலையைச் சுத்தமாக முடிப்பவனுக்கு வேலை முடிந்துவிடும்; ஆகவே பிள்ளைகளே, எப்போதும் ஒரு ஜோடி மிச்சம் வையுங்கள்.