கேட்டு எழுதும் கணவர்

ஊரார் பேசுவதையெல்லாம் கேட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாடு குட்டிச்சுவராகிவிடும் என்பதில் நம்மவருக்கு இம்மியளவும் சந்தேகம் கிடையாது. அரசாங்கத்தின் ஒட்டுக்கேட்பு அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக அதுதான் அவர் உத்தியோகம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பிறத்தியார் போனில் பேசுவதை ஒரு 'உம்' விடாமல் எழுத வேண்டும். வெளியே மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் வேறு. மனைவியைப் பொறுத்தவரை அவர் காகிதக் கிடங்கில் குமாஸ்தா.

அந்த மாதம் ஒட்டுக்கேட்கக் குலுக்கிப் போட்டு எடுத்த போன் எண்களில் அவர் வீட்டு எண்ணும் விழுந்து தொலைத்தது. மேலதிகாரியிடம் சொன்னால் அந்த எண் பக்கத்து மேஜை மூக்குப்பொடியாரிடம் போகும். அந்த ஆள் கேட்டதையெல்லாம் கேண்டீனில் நடித்தே காட்டுவார். நாட்டுப் பாதுகாப்பு அவசியம்தான், அதற்காக என் பெண்டாட்டி பேச்சை மூக்குப்பொடியார் கேட்பதா என்று உள்ளுக்குள் பொருமினார். வாயை மூடிக்கொண்டு தானே கேட்க உட்கார்ந்தார்.

மனைவி தினமும் தன் அக்காவிடம் போனில் பேசினாள். எதிர்வீட்டார் பார்வை நேரே படுக்கையறைக்குள் வருகிறது, ஜன்னலுக்குத் திரை கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது, மனுஷர் காதிலேயே வாங்குவதில்லை என்று முதல் நாள் புலம்பினாள். இவருக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் திரை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் கடைவாய்ப்பல் வலி என்றாள். மருந்தோடு போனார். அவள் மருந்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் ஹெட்போனில் அவள் குரல் தணிந்திருந்தது.

"போதும்க்கா. நாலு மணி பஸ்ல கிளம்பறேன். திரும்பி வர்றதா இல்ல."

பேனா நின்றுவிட்டது. போய்த் தடுத்தால் குட்டு உடைந்து உத்தியோகம் போகும். தடுக்காவிட்டால் அவள் போய்விடுவாள். அவள் இல்லாத வீட்டை நினைத்ததும் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். ஓடினார்.

பஸ் நிலையத்தில், கையில் ஒரு பைகூட இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"பல்லு வலின்னு உங்ககிட்ட நான் சொல்லவே இல்லையே? அக்காகிட்ட போன்ல மட்டும்தானே சொன்னேன்?"

அவருக்கு மூச்சு வாங்கியது. "வெளியே சொல்லக்கூடாதுன்னு சத்தியம்மா."

"கல்யாணமான நாள்லேர்ந்து பக்கத்துல உக்காந்து பேசறேன். ஒரு வார்த்தை உங்க காதுல ஏறல."

"இனிமே வீட்டுலயே கேக்கறேன். எழுந்து வா."

அவள் நம்பவில்லை. சொன்ன அவருக்கே நம்பிக்கை இல்லை.

"வேண்டாம்," என்றாள். "போய் உங்க ஆபீஸ் நாற்காலில உக்காருங்க. அக்காகிட்ட இன்னும் நிறைய சொல்ல வேண்டியிருக்கு."