மாமனார் வண்டியின் வயது

அன்று காலை கண்ணாடிக்கடைக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. அலமாரியில் துண்டு தேடப் போனவர் கையில் மனைவியின் பழைய ஆல்பம் சிக்கியது. அதில் மாமனார் ஒரு மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படம். மாமனாரை அவர் நேரில் பார்த்ததில்லை, கல்யாணத்துக்கு முன்பே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். படத்திலும் அவரைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார்.

விஷயம் இதுதான். அவர் கடைக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலைக்கு நின்றது. அதன்மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. தினமும் அதை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டுத்தான் கடைப் பூட்டில் சாவியையே போடுவார். வீட்டில் மெல்லப் பேச்செடுத்தபோது, ஓட்டை இரும்பெல்லாம் வாசலில் நிற்கக் கூடாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள் மனைவி. அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். ஊரார் கண்ணையெல்லாம் உற்றுப் பார்த்துப் பிழைப்பவர், மனைவியின் கண்ணை மட்டும் நேராகப் பார்த்துப் பேசியது கிடையாது.

இப்போது மாமனாரே வழி காட்டுகிறார். இரண்டு வண்டியும் ஒன்றுதான் என்று நிரூபித்தால் போதும். அப்பா என்றால் அவள் உருகிவிடுவாள்.

படத்தைக் கடைக்குக் கொண்டுபோனார். வந்தவர்களைக் கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, பூதக்கண்ணாடியோடு படத்துக்குள் இறங்கிவிட்டார். முன்சக்கரத்தைத் தாங்குவது இரண்டு குழாய்கள். அப்படியானால் ரொம்பப் பழசில்லை. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. அப்படியானால் ரொம்பப் புதுசும் இல்லை. மாமனாரின் வலது செருப்புக்கு முன்னால் கியர் மிதி நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்குப் புல்லரித்தது. ஐம்பத்து நான்காம் வருஷத்து வண்டி, சந்தேகமே இல்லை. ஒர்க்‌ஷாப் வண்டியும் ஐம்பத்து நான்குதான். சைலன்சர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. படத்தில் அது மேலே தூக்கிப் போனது, ஒர்க்‌ஷாப்பில் கீழே படுத்துப் போனது. எவனோ இடையில் மாற்றியிருப்பான் என்று அதை மன்னித்துவிட்டார். எதிரே ஒரு பெரியவர், கடைசி வரியைப் பத்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். துணிகளுக்கு நடுவே படத்தை வைத்துப் பாடம் ஆரம்பித்தார். குழாய் என்றார், ஸ்பிரிங் என்றார். அவள் தலையணை உறையை உதறிக்கொண்டே கேட்டாள். கடைசியில் துருப்புச்சீட்டை இறக்கினார்.

"கியர் மிதியப் பாரு. வலது கால்ல இருக்கு. பிரேக் இடது கால்ல. இத வெச்சுத்தான் வருஷத்தையே புடிச்சேன்."

"கால் மாத்தி மிதிச்சா என்னங்க ஆகும்?"

"மிதிச்சவன் கதை முடிஞ்சுது. பிரேக்குன்னு நெனச்சு கியர மிதிச்சுட்டு சுவத்துல போய் நிப்பான். இதுல பழகினவங்கதான் இதத் தொடணும்."

"சரி, ஒர்க்‌ஷாப்ல நிக்கறது அப்பா வண்டியேதானா?"

"அச்சு அசல். உங்க வீட்டுச் சொத்து திரும்பி வருதுன்னு வெச்சுக்கோயேன். உன் பேர்லயே வாங்கிடறேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் ஈரம் இருந்ததா என்று அவர் பார்க்கவில்லை. வாங்குங்க என்று அவள் சொன்னதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினார்.

வண்டி வந்த அன்று தெருவே வாசலில் கூடியது. இதைப் போல இன்னொன்று எங்கே இருக்கிறது தெரியுமா என்று அவர் எல்லோரையும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும்தான். ஒரே உதையில் இன்ஜின் உயிர்பெற்றது. கண்ணாடிக்கடைக்காரர் ராஜா மாதிரி கிளம்பினார். தெருமுனைவரை அவர் ராஜாதான். அங்கே ஒரு நாய் குறுக்கே வந்தது. அவர் இதுவரை ஓட்டியதெல்லாம் வலது காலில் பிரேக் உள்ள ஸ்கூட்டர். வலது காலால் ஓங்கி மிதித்தார். நாய் பிழைத்தது. வண்டி தறிகெட்டுப் போய், முனைவீட்டுக் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புக்குள் நுழைந்து நின்றது. அவரைப் பிரித்தெடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

மனைவி நிதானமாக வந்தாள். வண்டிக்கு அடிபட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பழகினவங்கதான் தொடணும்னு நீங்கதானே சொன்னீங்க? இறங்குங்க."

அவர் இறங்கினார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வலது காலால் கியரைப் போட்டாள். தெரு வாயைப் பிளந்தது. எல்லோரையும்விட அகலமாகப் பிளந்தது அவர் வாய்தான். பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பயமும் வெட்கமும் ஒரு பக்கம் இருக்க, காற்று முகத்தில் அடித்தபோது அவருக்கும் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

எப்போது கற்றுக்கொண்டாய் என்று காதருகே கத்திக் கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால், அப்பாவிடம்தான் என்றாள். இத்தனை வருஷம் வாயே திறக்கவில்லையே என்று மனிதர் அங்கலாய்த்தார்.

"ஓட்டத் தெரியும்னு சொல்லியிருந்தா, மார்க்கெட்டுக்கும் மாவு மில்லுக்கும் என்னைத்தானே அனுப்பியிருப்பீங்க."

போகட்டும், அப்பா வண்டியைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான்தானே என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்பா வண்டி கம்பெனியே வேறங்க. போட்டோவப் பாத்தாலே தெரியுதே."

"தெரிஞ்சுதானா வாங்கச் சொன்ன? வாசல்லயே நிக்கக் கூடாதுன்னு சொன்னது நீதானே?"

"அந்த ஒர்க்‌ஷாப் வழியா போறப்பல்லாம் நானும்தான் இதப் பாத்தேன். நீங்க கேட்டப்பவே சரின்னிருந்தா இது உங்க வண்டியாயிருக்கும். எனக்கு வேணும்னு கேட்டிருந்தா வாங்கிக் குடுத்திருப்பீங்களா?"

கண்ணாடிக்கடைக்காரர் யோசித்தார். அதற்குள் ஒரு வளைவு வந்தது. அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.